ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழையபடி... குழந்தைகளுக்கான பொது கம்ப்யூட்டரை லினக்ஸில் அமைப்பது எப்படி?

ஊர் நூலகத்துக்கோ அரசுப் பள்ளிக்கோ முன்னாள் மாணவர் ஒருவர் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்கிறார். ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, பிள்ளைகளிடம் ஒப்படைக்கிறார்கள். முதல் வாரம் ஒரே கூட்டம். இரண்டாவது வாரம் வால்பேப்பரில் யாரோ ஒரு நடிகர் சிரிக்கிறார். மூன்றாவது வாரம் பிரவுசரைத் திறந்தாலே நாலு விளம்பரங்கள் தானாகக் குதிக்கின்றன. அப்புறம் ஒருநாள், "சார், இது ஆன் ஆக மாட்டேங்குது."

சர்வீஸ் ஆள் வந்து சரி செய்து கொடுத்த பிறகு நடப்பதுதான் சோகம். கம்ப்யூட்டர் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி, 'அனுமதி இன்றி தொடக்கூடாது' என்று ஒரு தாளையும் ஒட்டிவிடுவார்கள். பிள்ளைகளுக்காக வந்த கம்ப்யூட்டரைப் பிள்ளைகளிடம் இருந்தே காப்பாற்றும் வேலை ஆரம்பமாகிவிடும்.

யார் கெடுத்தது என்று கேட்டால் எல்லோரும் பிள்ளைகளைத்தான் கைகாட்டுவார்கள். ஆனால் கண்டதையும் தொட்டுப் பார்ப்பது, அழுத்திப் பார்ப்பது, 'இதை மாத்தினா என்ன ஆகும்' என்று சோதிப்பது, இதெல்லாம் சேர்ந்ததுதான் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வது. பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் செய்யட்டும், அடுத்தமுறை ஆன் செய்யும்போது கம்ப்யூட்டர் பழையபடி இருக்க வேண்டும். இப்படி ஓர் அமைப்பை லினக்ஸில் செலவில்லாமல் செய்ய முடியும். எப்படி என்று பார்க்கலாம்.

சுவரில் வைத்த கம்ப்யூட்டர்

பொது இடத்தில் குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டெல்லி கல்காஜியில் நடந்த சோதனை. என்ஐஐடி நிறுவனத்தில் இருந்த சுகதா மித்ரா, 1999 ஜனவரி 26 அன்று அலுவலகச் சுவரில் ஓட்டை போட்டு, பக்கத்துக் குடிசைப் பகுதியைப் பார்த்த மாதிரி ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். 'ஹோல் இன் தி வால்' என்று உலகம் முழுக்கப் பேசப்பட்ட இந்தச் சோதனையைத் தொடங்கியவருக்கு 2013-ல் 10 லட்சம் டாலர் டெட் பரிசும் கிடைத்தது.

அதிகம் பேசப்படாத மறுபக்கமும் உண்டு. உத்தராகண்டின் அல்மோரா பகுதியில் இதே திட்டம் நீடிக்கவில்லை என்று ஆய்வாளர் பயல் அரோரா 2010-ல் ஒரு கட்டுரை எழுதினார். சுவரில் கம்ப்யூட்டரை வைப்பது சுலபம். அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால், பழுது பார்க்கும் ஆள் தினமும் வரத் தேவையில்லாத மாதிரி அதை அமைத்திருக்க வேண்டும்.

ஏன் லினக்ஸ்?

முதல் காரணம் காசு. லினக்ஸுக்கு லைசென்ஸ் கட்டணம் இல்லை. இரண்டாவது, பழைய கம்ப்யூட்டர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டும் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இருக்க வேண்டும். நல்ல நிலையில் ஓடும் பல பழைய கம்ப்யூட்டர்கள் இந்த ஒரு காரணத்தாலேயே ஓரங்கட்டப்படுகின்றன. அலுவலகங்கள் கழித்துக் கட்டும் அந்த கம்ப்யூட்டர்களில் 4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்று தாராளமாக ஓடும்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். கம்ப்யூட்டரின் எந்தப் பகுதியை யார் மாற்றலாம், யார் மாற்றக் கூடாது என்பதை அடிவரைக்கும் போய் நாமே தீர்மானிக்க லினக்ஸ் விடுகிறது.

நம்ம ஊருக்கு இது புதிதும் இல்லை. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பக்கத்து மாநிலமான கேரளாவில் அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது.

பிள்ளைக்கு ஒரு கணக்கு, பொறுப்பாளருக்கு ஒரு கணக்கு

பொது கம்ப்யூட்டர்களில் நடக்கும் பெரிய தவறு, எல்லோரும் ஒரே கணக்கில் உள்ளே போவது. லினக்ஸை இன்ஸ்டால் செய்யும்போது உருவாகும் முதல் கணக்குக்கு எல்லா அதிகாரமும் இருக்கும். அது பொறுப்பாளருக்கு மட்டும். அதன் பாஸ்வேர்டை மானிட்டர் ஓரத்தில் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். (சிரிக்க வேண்டாம், பல அலுவலகங்களில் இன்றைக்கும் அதுதான் நடக்கிறது.)

பிள்ளைகளுக்கு இரண்டாவதாக ஒரு சாதாரணக் கணக்கு. கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பாஸ்வேர்டு கேட்காமல் நேராக இதற்குள் போகிற மாதிரி வைக்கலாம். இந்தக் கணக்கில் இருந்து சிஸ்டத்துக்குப் புது மென்பொருள் ஏற்ற முடியாது, சிஸ்டம் ஃபைல்களை அழிக்க முடியாது, இன்னொருவர் கணக்கை மாற்ற முடியாது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை ஒன்று வரும். பிள்ளைகள் இதை எப்படியும் கண்டுபிடிப்பார்கள். பயப்பட வேண்டாம். அங்கேயும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும், அவ்வளவுதான்.

ஆனால் சாதாரணக் கணக்கு மட்டும் போதாது. வால்பேப்பர், பிரவுசர் முகப்பு, டெஸ்க்டாப் ஐகான்கள், டவுன்லோடு செய்த குப்பை எல்லாம் அந்தப் பிள்ளைகளின் கணக்குக்குள்ளேயே சேர்ந்துகொண்டே போகும்.

சிலேட்டை அழிக்கிற மாதிரி

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று எளியது, இன்னொன்று உறுதியானது.

எளியது, விருந்தினர் கணக்கு. லினக்ஸ் மின்ட்டில் லாகின் விண்டோ என்ற அமைப்பைத் திறந்து, 'கெஸ்ட் செஷன்' என்பதை ஆன் செய்தால் போதும். கமாண்ட் எதுவும் டைப் செய்ய வேண்டாம். விருந்தினராக உள்ளே போகும் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் புத்தம் புது டெஸ்க்டாப் கிடைக்கும். லாக் அவுட் செய்ததும் அந்தக் கணக்கில் செய்தது எல்லாம் அழிந்துவிடும். ஒரே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சின்ன நூலகத்துக்கு இதுவே பெரும்பாலும் போதும்.

உறுதியான வழிக்குப் பெயர் ஓவர்லே. இதைப் புரிந்துகொள்ள ஓர் ஓவியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓவியத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளை விரித்து, பிள்ளைகளிடம் பேனாவைக் கொடுக்கிறீர்கள். அவர்கள் கிறுக்குவது எல்லாம் தாளில்தான் விழும். மாலையில் தாளை உருவிவிட்டால் ஓவியம் அப்படியே இருக்கும். இங்கே ஓவியம் என்பது ஹார்ட் டிஸ்க், கண்ணாடித் தாள் என்பது ரேம். ஹார்ட் டிஸ்க்கைப் படிக்க மட்டுமே முடியும் என்று பூட்டிவிட்டு, எழுதுவதையெல்லாம் ரேமுக்குத் திருப்பிவிடுகிறது இந்த ஏற்பாடு. கரன்ட் போனாலோ ரீஸ்டார்ட் செய்தாலோ ரேம் காலியாகிவிடும். கம்ப்யூட்டர் நீங்கள் அமைத்த முதல் நாளுக்குத் திரும்பிவிடும்.

உபுண்டு வகை லினக்ஸ்களில் இதற்கு 'ஓவர்லேரூட்' என்ற சிறிய மென்பொருள் இருக்கிறது. அதை ஏற்றி, அதன் அமைப்பு ஃபைலில் ஒரே ஒரு வரியை மாற்றினால் வேலை முடிந்தது. ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், அதன் அமைப்பு மெனுவிலேயே 'ஓவர்லே ஃபைல் சிஸ்டம்' என்று ஒரு தேர்வு இருக்கிறது.

இதில் நம்ம ஊருக்கு ஒரு கூடுதல் லாபம் இருக்கிறது. திடீர் பவர் கட்டில் கம்ப்யூட்டர்கள் பழுதாக ஒரு முக்கியக் காரணம், ஹார்ட் டிஸ்க்கில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது. ஓவர்லேயில் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படுவதே இல்லை. யுபிஎஸ் இல்லாத இடத்தில்கூட, ஸ்விட்ச்சை நேரடியாக அணைக்கும் பிள்ளைகள் இருக்கும் இடத்தில்கூட, சிஸ்டம் ஃபைல்கள் பத்திரமாக இருக்கும்.

குறையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எல்லாம் ரேமில் சேர்வதால், ஒரு பிள்ளை பெரிய சினிமா ஃபைலை டவுன்லோடு செய்தால் ரேம் நிரம்பிக் கம்ப்யூட்டர் திணறும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். தானியங்கி அப்டேட் இன்னொரு தலைவலி. இன்றைக்கு இறங்கிய அப்டேட் ரீஸ்டார்ட்டில் அழிந்துபோகும், நாளைக்கு மறுபடி முதலில் இருந்து இறங்கும். டேட்டா வீணாகும். அதனால் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை பொறுப்பாளரே ஓவர்லேயை அணைத்து, அப்டேட் செய்து, மறுபடி ஆன் செய்ய வேண்டும். அரை மணி நேர வேலைதான். ஆனால் யார் செய்வது, எந்தத் தேதியில் செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

அப்போ பிள்ளை வரைந்த படம்?

கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்றால், ஒரு பிள்ளை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரைந்த படமும் போய்விடும். 'ஸ்கிராட்ச்'சில் செய்த விளையாட்டும் போய்விடும். இதை முதலிலேயே யோசிக்காமல் விட்டால், பிள்ளைகள் அந்த கம்ப்யூட்டரை நம்புவதை நிறுத்திவிடுவார்கள். நூலகருக்கு வசதியான ஏற்பாடு பிள்ளைக்குத் துரோகமாக முடிந்துவிடக் கூடாது.

சிறந்த வழி பென் டிரைவ். 'பென் டிரைவ் போடக்கூடாது' என்று பல இடங்களில் தடை இருக்கிறது. விண்டோஸ் வைரஸ்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடாது, ஓடினாலும் ரீஸ்டார்ட்டில் போய்விடும் என்பதால் இங்கே அந்தத் தடைக்கு அவசியம் குறைவு. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பென் டிரைவுக்குள் இருக்கும் விண்டோஸ் வைரஸை லினக்ஸ் அழிப்பதில்லை, அது வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பத்திரமாகப் போய்ச் சேரும். பென் டிரைவ் வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு, பொறுப்பாளரிடம் நூலகப் பெயரிலேயே நாலைந்து இருந்தால் போதும்.

பெரியவர்கள் மறந்துபோகும் இன்னொரு ஆபத்து

பொது கம்ப்யூட்டரில் பிள்ளைகள் விளையாட மட்டும் வருவதில்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வருகிறார்கள், தேர்வு முடிவு பார்க்க வருகிறார்கள், அம்மாவின் ஜிமெயிலைத் திறந்து ஓடிபி பார்க்கிறார்கள். முடித்ததும் பிரவுசரின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்திவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். லாக் அவுட் செய்ய வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்து உட்காருபவர் பிரவுசரைத் திறந்தால் அந்த மெயில், போட்டோக்கள், ஆதார் நகல் எல்லாம் கண் முன்னால். ஒரு பதின்வயதுப் பெண்ணுக்கு இது என்ன மாதிரி சிக்கலாக முடியும் என்று விளக்க வேண்டியதில்லை.

வைரஸை விடப் பெரிய பிரச்னை இதுதான். ஓவர்லே இருந்தாலும், ரீஸ்டார்ட் செய்யும் வரைக்கும் அந்த லாகின் அப்படியேதான் இருக்கும். ஆகவே பிரவுசரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஃபயர்பாக்ஸில் 'பாலிசி ஃபைல்' என்று ஒன்று வைக்கலாம். பொறுப்பாளர் மட்டுமே மாற்றக்கூடிய இந்த ஒரு ஃபைலில், மூடியதும் குக்கீ, ஹிஸ்டரி எல்லாம் அழிய வேண்டும், பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்கவே கூடாது, புது ஆட்-ஆன் ஏற்ற விடக் கூடாது, உள் அமைப்புப் பக்கத்தைத் திறக்க விடக் கூடாது என்றெல்லாம் எழுதிவைத்தால், எந்தக் கணக்கில் திறந்தாலும் ஃபயர்பாக்ஸ் அதன்படிதான் நடக்கும். குரோமியத்திலும் இதே மாதிரி வசதி உண்டு.

கூடவே, பத்து நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் தானாக லாக் அவுட் ஆகும்படி வைத்துவிடுங்கள். ஒரு பிள்ளை எழுந்ததும் அடுத்த பிள்ளை உட்காரும் முன் லாக் அவுட் செய்வதைப் பழக்கமாக்கினால் இன்னும் நல்லது.

கெட்ட தளங்களை எப்படித் தடுப்பது?

இணையதளங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தடைப்பட்டியலில் சேர்ப்பது கடல் நீரைக் கொட்டாங்குச்சியில் இறைக்கிற வேலை. அதற்குப் பதில் டிஎன்எஸ் முகவரியை மாற்றலாம். இணையத்துக்கான டெலிபோன் டைரக்டரி மாதிரிதான் டிஎன்எஸ். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020-ல் குடும்பங்களுக்காக ஓர் இலவசச் சேவையைத் தொடங்கியது. அதன் முகவரி 1.1.1.3, மாற்று முகவரி 1.0.0.3. இதைப் போட்டுவிட்டால் ஆபாசத் தளங்களையும் வைரஸ் பரப்பும் தளங்களையும் டைரக்டரியே காட்டாது.

இந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் போடுவதை விட ரவுட்டரிலேயே போடுவது நல்லது. பிரவுசர் தனக்கென்று வேறு டிஎன்எஸ் வைத்துக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது, அதையும் மேலே சொன்ன பாலிசி ஃபைலில் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதைதான். எந்த வடிகட்டியும் நூற்றுக்கு நூறு தடுக்காது. ஆகவே மானிட்டர் சுவர்ப்பக்கம் திரும்பாமல், நூலகர் நாற்காலியில் இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வையுங்கள். இதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை.

ஆன் ஆகும் அந்தச் சில விநாடிகள்

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு வாசல் திறந்துதான் இருக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் கீயை அழுத்தினால் 'கிரப்' என்ற மெனு வரும். அங்கே சில எழுத்துகளை மாற்றி டைப் செய்தால், பாஸ்வேர்டே இல்லாமல் முழு அதிகாரத்துடன் உள்ளே நுழைய முடியும். ஓவர்லேயையும் அங்கிருந்தே அணைக்க முடியும். இந்த வித்தை யூடியூபில் தாராளமாகக் கிடைக்கிறது.

ஆகவே கிரப் மெனுவுக்குப் பாஸ்வேர்டு போட வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அப்படியே போட்டால், தினமும் காலையில் சாதாரணமாக ஆன் ஆவதற்கே பாஸ்வேர்டு கேட்கும். வழக்கமான தொடக்கத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்து, மெனுவை மாற்றும்போது மட்டும் கேட்கும்படி அமைக்க வேண்டும். அடுத்து பயாஸுக்குள் போய் அதற்கும் ஒரு பாஸ்வேர்டு, பென் டிரைவில் இருந்து பூட் ஆகாதபடி ஒரு மாற்றம். சிபியு பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றினால் பல டெஸ்க்டாப்களில் பயாஸ் பாஸ்வேர்டு அழிந்துவிடும் என்பதால், கடைசியில் எல்லாம் ஒரு பத்து ரூபாய் விஷயத்தில் வந்து நிற்கிறது: பெட்டியைப் பூட்டு போட்ட மர அலமாரிக்குள் வைத்து, மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மட்டும் வெளியே இருக்க வேண்டும். காற்று போக அலமாரியில் ஓட்டை வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

உள்ளே என்ன வைப்பது?

பூட்டுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், பிள்ளைகள் எதற்காக உட்காருகிறார்கள் என்பது மறந்துபோகும். சின்னப் பிள்ளைகளுக்கு 'டக்ஸ் பெயின்ட்', வரைய வரையச் சத்தம் போடும், பிள்ளைகள் விடமாட்டார்கள். 'ஜிகாம்ப்ரி'யில் எழுத்து, எண், மவுஸ் பழக்கம், புவியியல் என்று நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள். பெரிய பிள்ளைகளுக்கு புரோகிராம் எழுதப் பழக 'ஸ்கிராட்ச்', ஆபீஸ் வேலைகளுக்கு லிப்ரே ஆபீஸ். நெட் இல்லாத ஊராக இருந்தால் 'கிவிக்ஸ்' மூலம் தமிழ் விக்கிப்பீடியாவையே டவுன்லோடு செய்து உள்ளே வைத்துவிடலாம். இணையமே இல்லாமல் படிக்கலாம்.

தமிழ் டைப்பிங்கை விட்டுவிடாதீர்கள். தமிழக அரசு 1999-ல் ஏற்றுக்கொண்ட தமிழ்99 கீபோர்டு லினக்ஸுடனேயே வருகிறது, அமைப்பில் போய்த் தேர்வு செய்தால் போதும். பொது கம்ப்யூட்டரில் தமிழ் எழுத வரவில்லை என்றால், பல பிள்ளைகளுக்கு அது வேடிக்கை பார்க்கும் டிவி மட்டும்தான். இதையெல்லாம் ஓவர்லேயை ஆன் செய்வதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் எல்லாம் காணாமல் போயிருக்கும். முதல்முறை அமைப்பவர்கள் பலர் சறுக்கும் இடம் இது.

சாவி யாரிடம்?

கேரளாவில் 2018-ல் 'லிட்டில் கைட்ஸ்' என்று பள்ளி மாணவர்களுக்கான ஐடி கிளப்களைத் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கே ஹார்ட்வேர், அனிமேஷன், தமிழில் நாம் டைப்பிங் சொல்லிக்கொடுப்பது போல மலையாள கம்ப்யூட்டிங் எல்லாம் கற்றுக்கொடுக்கிறார்கள். பொது கம்ப்யூட்டர் வைக்கும் இடங்களுக்கும் இந்த யோசனை பொருந்தும். பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கத் துடிக்கும் பிள்ளை யாரென்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மாதாந்திர அப்டேட் அன்று அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரைத் திறந்துவிடும் முன்பாகவும் அதே பிள்ளையைக் கூப்பிடுங்கள். அரை மணி நேரம் கொடுத்து, "முடிஞ்சா இதைக் கெடுத்துக் காட்டு" என்று சொல்லுங்கள். வால்பேப்பரை மாற்றட்டும், ஐகான்களை அழிக்கட்டும், ஆன் ஆகும்போது எல்லா கீயையும் அழுத்திப் பார்க்கட்டும், கடைசியில் ப்ளக்கைக்கூடப் பிடுங்கட்டும். பிறகு ஆன் செய்து, எது எது பழையபடி வரவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பொறுப்பாளர் கணக்குக்குள் போய், ஓவர்லேயை அணைத்து, திருத்த வேண்டியது அந்தத் தாளில் இருப்பதைத்தான்.